நிருபர் நிறுத்தவில்லை

கத்தோலிக்கப் பத்திரிகை நிருபர் இறந்ததும் அவருடைய காகிதங்களெல்லாம் ஆவணக் காப்பகத்துக்கு வந்தன. அவற்றைப் பார்க்க வரும் அவர் மனைவியைக் காப்பாளர் நம்பவில்லை. கிளம்பும்போதெல்லாம் பையைச் சோதித்தார். ஒரு தாளும் குறையவில்லை. காகிதப் பெட்டிதான் நாளுக்கு நாள் நிரம்பிக்கொண்டே போனது.

"என்னம்மா, நீங்களே எழுதிக் கொண்டாந்து வைக்கிறீங்களா?"

"எனக்கேது தம்பி எழுத்து? அவர்தான் நிறுத்த மாட்டேங்கிறார். வீட்ல வைக்க இடமில்ல."

"விளையாடாதீங்க. அடக்கத்துக்கு நானே வந்திருந்தேன்."

"அதையும் எழுதியிருக்கார்" என்று ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

நிருபரின் கோணல் எழுத்தேதான். சவப்பெட்டிமேல் குனிந்து, யார் காதிலும் விழாமல் காப்பாளர் முணுமுணுத்தது அதில் அப்படியே இருந்தது: 'ஒருவழியா வாய மூடினியா?'

காப்பாளர் அவசரமாகத் தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு இப்பத்தான் எழுதிட்டிருக்கார், தம்பி."