மூன்று மீட்டர்

"எழுந்திரிங்கம்மா. அந்தச் செவப்புக் கோடு வரைக்கும் நடங்க, திரும்புங்க, வந்து உக்காருங்க. அவ்ளோதான்."

தனசேகரன் ஸ்டாப் வாட்சை அழுத்தினான். கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்து அவனுக்கு இது இரண்டாவது நாள். நாற்காலியிலிருந்து கோடு சரியாக மூன்று மீட்டர். சின்னச் சோதனைதான்; ஆனால் எழும்போதும் திரும்பும்போதும் இடுப்பால் எதையும் மறைக்க முடியாது.

பாப்பாத்தி நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தாள். கோட்டருகே திரும்பவே ஆறு சின்ன எட்டு வைத்தாள். உட்காரும்போது பல்லைக் கடித்தாள். அவள் கணவர் இருசப்பன் தாழ்வான பெஞ்சைப் பார்த்துவிட்டு, நின்றபடியே இருந்தார்.

நாற்பத்து மூன்று வினாடி.

இருசப்பன் கொடுத்திருந்த ஃபைலில் கடைசித் தாளை மட்டும் தனசேகரன் புரட்டினான். 'ஆபரேஷனுக்கு முன்: 41 வினாடி.' அதன் கீழே, 'மூன்று மாதம் கழித்து' என்ற இடம் காலியாக இருந்தது.

இடுப்பு மூட்டையே மாற்றியும் நேரம் குறையவில்லையா? இந்த எண்ணை எழுதினால் பெரிய டாக்டர் மறுபடி கத்தியை எடுக்க வேண்டியிருக்கும்.

"வலி கம்மியாச்சாம்மா?"

"எங்கங்க? ஜாஸ்தியாத்தான் ஆவுது."

"எவ்ளோ தூரம் நடப்பீங்க?"

"மலை மேல, எங்க வூட்டு வாசப்படி வரைக்கும்."

"அப்ப மலையிலேர்ந்து எப்படி எறங்குனீங்க?"

பாப்பாத்தி வெட்கத்தோடு சிரித்தாள். "எங்க வூட்டுக்காருதான் முதுவுல தூக்கிக்கினு வந்தாரு. கரியாலூர் வந்தாத்தான் பஸ்ஸு."

"நாலு கிலோமீட்டர் இருக்குங்க," என்றார் இருசப்பன். "ரெண்டே எடத்துலதான் எறக்கி வச்சேன். இன்னா கனம் கனக்குறா!"

"மூணு எடம். பொய் சொல்லாத."

தனசேகரனின் பேனா நின்றது. மலைச் சரிவில் வைக்கும் ஒவ்வோர் எட்டிலும் இரண்டு ஆள் எடை ஒரே இடுப்பில் வந்து விழும். அதுவும் அறுபது வயதில்! தன்னையறியாமல் எழுந்து நின்றான்.

"ஐயா, உங்க இடுப்பு இன்னா, இரும்புல செஞ்சதா?"

"இரும்போ இன்னாவோ, மூணு மாசத்துக்கு முன்னாடி இங்கதானுங்க வச்சாங்க," என்றார் இருசப்பன். "மொதல்ல அவளுக்கு அளக்குறீங்கன்னு சும்மா இருந்தேன். அது என் ஃபைலு சாரு. அவளுக்கு நாளைக்குத்தான் ஆபரேஷன்."