மிளகுக்கு முந்தின நாள்

படார்!

காற்று கார்க் கதவைப் பிடுங்கி அறைந்து சாத்தியது. ஆஸ்கெரின் விரல்கள் தப்பியதற்குக் காரணம், அவை கோட்டுப் பைக்குள் இருந்ததுதான். பைக்குள் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் மோதிரம்.

"சீக்கிரம் வாடா! பாத்துட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பணும்" என்றாள் தோரா.

இன்னும் முதல் இடத்தையே பார்க்கவில்லை.

நாளை ஆஸ்கெருக்கு முப்பது வயது. கல்யாணம் ஆகாமல் முப்பதைத் தொடுகிறவனை யோரிங் ஊரில் சும்மா விடமாட்டார்கள். எண்ணெய் டிரம்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மிளகு அரைக்கிற ராட்சத மில் போலச் செய்து வாசலில் நிறுத்துவார்கள். ஆளை நாற்காலியில் கட்டி, தலையில் தண்ணீரை ஊற்றி, மூட்டையைப் பிரித்து மிளகுத்தூளைக் கொட்டுவார்கள். அப்புறம் தும்மித் தும்மியே விலா எலும்பு வலிக்கும்.

தப்பிக்க ஒரே வழிதான். முந்தின நாளுக்குள் யாருக்காவது மோதிரம் போட்டுவிட வேண்டும். அவனுடைய அண்ணன் ஈவர் அப்படித்தான் தப்பித்தான். அன்றிலிருந்து அவர்கள் நண்பர்கள் கூட்டத்தில் அதுவே சட்டம்.

மோதிரம் வாங்கிக் குளிர்காலமே போய்விட்டது. ஒவ்வொரு ஞாயிறும் 'அடுத்த ஞாயிறு' என்று தள்ளினான். இது கடைசி ஞாயிறு.

காலையில் அவனை உலுக்கி எழுப்பி, "வாடா, ஊர் சுத்தலாம்" என்றவள் தோராதான். இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவர்கள் பழகியதே இப்படி ஒரு கூத்தில்தான். தோராவுக்கு இருபத்தைந்து ஆனபோது அவளை விளக்குக் கம்பத்தில் கட்டி லவங்கப்பட்டைத் தூள் கொட்டினார்கள். அந்த வயதுக்குப் பட்டை, முப்பதுக்கு மிளகு. வாளித் தண்ணீரை ஊற்றியவன் ஆஸ்கெர்.

"உனக்கு முப்பது வராமலா போயிடும்?" என்று பல்லைக் கடித்தாள். ஒரு வாரம் அவள்மேல் கேக் வாசனை வந்தது. அந்த வாரமே அவன் அவளிடம் விழுந்துவிட்டான்.

மணற்குன்றின் உச்சிக்கு வந்தார்கள். செங்குத்தாகக் கீழே கடல். கரை இடிந்துகொண்டே வருவதால், கலங்கரை விளக்கத்தைத் தண்டவாளம் போட்டு உள்ளே தள்ளி நிறுத்தியிருந்தார்கள். பல்லில் மணல் நறநறத்தது.

"தோரா, ஒண்ணு கேக்கணும்..."

"பசிக்குதா? போற வழியில சாசேஜ் வாங்கித் தரேன். கிளம்பு!"

அவள் போன் அதிர்ந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு பதில் தட்டினாள்.

வடக்கே போனார்கள். வருடா வருடம் நகர்ந்துகொண்டே இருக்கும் பெரிய மணல்மேடு. பாலைவனத்தைக் கொண்டுவந்து கொட்டியதுபோல் கிடந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆஸ்கெர் மெல்ல ஒரு முழங்காலை மடித்தான்.

"ஷூவுல மணலா? கார்ல போய்த் தட்டிக்கலாம், எழுந்திரு!"

சொல்லிக்கொண்டே அவள் சரிவில் வழுக்கிப் பாதி தூரம் போய்விட்டாள்.

காரில் மறுபடி போன். திரையைப் பார்த்துச் சிரித்தாள். அவன் எட்டிப் பார்த்ததும் கவிழ்த்து வைத்தாள்.

"யாரு?"

"அம்மா."

அவள் அம்மா ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் படுத்துவிடுவார். போனைத் தொடவே மாட்டார். அது அவனுக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. 'கல்யாணம் எதுக்குடா? நல்லாத்தானே இருக்கோம்.' அன்று சிரித்தபடிதான் சொன்னாள். இப்போது யோசித்தால் அது சிரிப்பாகப் படவில்லை. ஜன்னலை இறக்கினான், ஏற்றினான், மறுபடி இறக்கினான்.

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருடா!"

அவளும்தான் சும்மா இல்லை. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியாக கிரேனன். நாடு அங்கே ஒரு மணல் விரலாக மெலிந்து, நீட்டி, முடிந்துவிடுகிறது. இடப்பக்கம் ஒரு கடல், வலப்பக்கம் இன்னொன்று. இரண்டின் அலைகளும் எதிரெதிரே ஓடிவந்து நெஞ்சோடு நெஞ்சு மோதித் தெறித்தன. வருகிறவர்கள் எல்லாரும் செய்வதுபோல் ஒரு காலை ஒரு கடலிலும் மறு காலை மறு கடலிலும் வைத்து நின்றான்.

வெயில் சாய்ந்துவிட்டது. கடைசி டிராக்டர் வண்டியும் சுற்றுலா ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மணலில் ஒரு கடல்நாய் மட்டும் மல்லாந்து கிடந்தது.

தோரா சுற்றும் முற்றும் பார்த்தாள். இதற்கு மேல் போக நிலம் இல்லை.

ஆஸ்கெர் முட்டி போட்டான். ஜில்லென்று தண்ணீர் பேண்டுக்குள் ஏறியது. பெட்டியைத் திறந்தான்.

"தோரா, என்னைக் கட்டிக்கறியா?"

போன் அதிர்ந்தது.

அவள் மோதிரத்தைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தாள். அவனுக்குக் காது அடைத்துப்போயிற்று. மிளகு, முப்பது எல்லாம் மறந்துவிட்டது. அவள் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

தோரா திரையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர்கள் வீட்டு வாசல். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று டிரம். ஈரம் காயாத சிவப்புப் பெயிண்டில் '30'. பக்கத்தில் வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஈவர். கீழே ஒரு வரி: 'முடிஞ்சது. இனி கூட்டிட்டு வா.'

அவள் குனிந்து, பெட்டியை மூடி, அவன் கோட்டுப் பையிலேயே திரும்பப் போட்டாள்.

"மோதிரம் இருக்குன்னு காலையிலேயே தெரியும்டா. நாளைக்கு மிளகுல குளிச்சு முடிச்சிட்டுக் கேளு. அப்பவும் கேட்டியானா, சரிங்கறேன்."