ஐந்தாவது ஆள்

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். முதல்ல நான் சொல்றதைக் கேளு” என்றான் வெண்டல் ஹாலக், உட்காரக்கூடச் சொல்லாமல்.

யோலாண்டா ப்ரீத்தோ நின்றுகொண்டே கேட்டாள். கலிஃபோர்னியாவில் மொடெஸ்டோ நகரத்துக்கு வெளியே இருந்த அந்தப் பாதாம் ஆலையில் ஒன்பது வருடமாகச் சொத்தைப் பருப்பு பொறுக்குகிறவள் அவள். வெண்டல் அங்கே மேனேஜர். அவளைக் கூப்பிட்டு அனுப்பலாம் என்று இருந்தவனுக்கு, அவளே அறைக்கு வந்து நின்றது ரொம்ப வசதியாகப் போயிற்று.

விஷயம் இதுதான். சீசன் முடிந்துவிட்டது, ஐந்து பேரைக் குறைக்க வேண்டும். ஆலையே நீக்கினால் அவர்கள் அரசாங்கத்திடம் வேலையில்லாதவர்களுக்கான பணம் வாங்குவார்கள், முதலாளியம்மா கட்டும் வரி ஏறும். தானாகப் போனால் அந்தத் தொல்லை இல்லை. ஐந்து பேரையும் தானாகப் போக வைத்தால் சேக்ரமெண்டோ கிளைக்கு நீதான் தலைமை என்று அந்த அம்மாள் வெண்டலுக்கு ஆசை காட்டியிருந்தாள். இன்று மதியம் கணக்குக் கேட்க வருகிறாள்.

நாலு பேரை ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. ஒருத்தியைக் கக்கூஸ் கழுவ விட்டான், ஒருத்தனைத் தினம் ஒரு ஷிஃப்டாக மாற்றி அலைக்கழித்தான். அவர்களும் ரோஷத்தில் வேலையை வீசிவிட்டுப் போனார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் விலகினால், கடைசிச் சம்பளத்தை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் போதும் என்பது கலிஃபோர்னியா சட்டம். வெண்டல் எழுபத்தோராவது மணி வரை இழுத்தடித்தான். வாடகைக்கு என்ன செய்வேன் என்று ஒருத்தி அழுதபோது சட்டத்தை எடுத்து வாசித்துக் காட்டினான். அப்படிப்பட்ட பெரிய மனுஷன்.

இவள்தான் பாக்கி.

கை வேகம் போய்விட்டது, கண் தெரியவில்லை, உன்னால் பருப்புக்குக் கெட்ட பேர் என்று அடுக்கினான். நாளையிலிருந்து விடிகாலை நாலு மணிக்கு, ஓடு உடைக்கிற பக்கம், அந்தத் தூசியில்தான் வேலை என்றான். யோலாண்டா இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் கையைக் காட்டி அடக்கினான்.

“மானம் ரோஷம் உள்ளவளா இருந்தா இந்நேரம் தானாப் போயிருப்பா” என்றான் கடைசியில்.

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். அதற்கப்புறம் பேச முயலவே இல்லை. அவன் எது சொன்னாலும் “சரிங்க” என்றாள். தூசியா, சரிங்க. நாலு மணியா, சரிங்க. நின்றுகொண்டே சாப்பிட வேண்டுமா, அதுவும் சரிங்க. வெண்டலுக்கு வியர்த்தது. இப்படி ஒரு கல்லுளிமங்கியை அவன் பார்த்ததில்லை. மணி பதினொன்றரை ஆகிவிட்டிருந்தது.

“உன்னையெல்லாம் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளணும்” என்றான்.

“உங்களால முடியாதே, மிஸ்டர் ஹாலக். யாரையும் நீக்குற அதிகாரம் உங்களுக்குக் கிடையாதாமே? முதலாளியம்மாகிட்டக் கேக்காம நீங்க ஒரு துடைப்பக்கட்டையைக்கூட மாத்த முடியாதுன்னு பருப்பு பொறுக்குற பெல்ட்டுல பேசிக்கிறாங்க.”

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே பருப்பு பொறுக்கும் பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தாள். வெண்டலுக்கு எதைச் சொன்னாலும் தாங்கும், இதை மட்டும் தாங்காது. எழுந்தான். காது வரை சிவந்துவிட்டது.

“எனக்கா அதிகாரம் இல்ல? இந்த நிமிஷத்துலேர்ந்து உன்னை வேலையை விட்டு நீக்கியாச்சு. போ வெளிய.”

ஷெட் முழுக்கக் கேட்டது. வாய்க்கொழுப்புக்கு மருந்தா இருக்கிறது? யோலாண்டா தலையாட்டினாள்.

“சரிங்க. அப்ப என் செக்கைக் குடுங்க.”

வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்றான் அவன்.

“வேலையை விட்டு நீக்கினா, நீக்கின இடத்துலயே அப்பவே மொத்தத்தையும் குடுத்துடணும். வேணும்னே தள்ளிப் போட்டா, தள்ளிப் போடற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கூலி, முப்பது நாள் வரைக்கும். சட்டம் வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லணுமா?”

வெண்டல் சட்டென்று உட்கார்ந்தான். சேக்ரமெண்டோ கையை விட்டுப் போவது கண்முன்னே தெரிந்தது. நீக்கியதை இல்லையென்று சொல்ல வழி இல்லை, அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு முப்பது நாள் கூலியும் தண்டம் என்றால் அந்த அம்மாள் இவனையே தொலைத்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு கணக்கரைக் கூப்பிட்டான். எடுக்காத விடுமுறைக்கும் சேர்த்து, பத்து நிமிஷத்தில் செக் வந்தது. யோலாண்டா தொகையைச் சரிபார்த்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“இந்த வயசுல உனக்கு எவன் வேலை குடுப்பான்? அடுத்த மாசம் இந்த கேட்டுலயே வந்து நிப்ப, பாரு” என்றான் வெண்டல். மிச்சம் இருந்தது அந்த வாய் ஒன்றுதான்.

அவள் ஏப்ரன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“காலையில இதைக் குடுக்கத்தான் வந்தேன். நீங்கதான் பேசவே விடல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெண்டல் பிரித்துப் படித்தான்.

‘மிஸ்டர் ஹாலக், நாளை வேறு ஆலையில் சேருகிறேன். அதனால் இன்றோடு இந்த வேலையிலிருந்து நானே விலகிக்கொள்கிறேன். புது வீட்டுக்கு இன்று மாலைக்குள் முன்பணம் கட்ட வேண்டும், தயவுசெய்து சம்பளத்துக்கு என்னை மூன்று நாள் காக்க வைக்காதீர்கள்.’