மீன் நடமாட்டம்

“மீன் இருக்கு, சரி. ஆனா நடமாடலையேம்மா?” என்றார் மீன்வளத்துறை அலுவலர்.

ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த ஆராய்ச்சி மாணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாள் சல்லடை போட்டுத் தேடி, காலையில்தான் அந்தக் கல்லைக் கண்டுபிடித்திருந்தாள். அதன் மேல் நான்கு கல்லொட்டி மீன்கள். ஒன்றும் விரல் நீளம்கூட இல்லை.

அலுவலர் கையிலிருந்த படிவத்தில் ஒரே கேள்வி: மீன் நடமாட்டம் உண்டா, இல்லையா?

இல்லை என்று எழுதினால் இன்றைக்கே ஓடை சிமெண்டுக் குழாய்க்குள் போய்விடும். கரையில் கான்ட்ராக்டர் பொக்லைனோடு தயாராக நின்றார். மேலிடத்துக்கு வேண்டிய ஆள் என்பதால் அலுவலர் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார்.

அவள் எடுத்துச் சொன்னாள். இந்த மீனுக்கு வாய் அடிப்பக்கம். வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமலிருக்க உதட்டால் கல்லை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அதன் பிழைப்பே.

“அதெல்லாம் படிவத்துல இல்லையே!” என்றார் கான்ட்ராக்டர்.

அவள் தண்ணீரை அடித்தாள். ஊதினாள். கெஞ்சினாள். அரசாங்கக் காரியம் என்று தெரிந்துவிட்டதோ என்னவோ, நான்கும் அசைந்து கொடுக்கவில்லை. ஒன்றை விரலால் தள்ளினாள். அது இன்னும் இறுக்கிக்கொண்டது.

அலுவலர் பேனாவைத் திறந்தார். எதற்கும் கிட்டத்தில் பார்த்துவிடலாம் என்று சொல்லிக் கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கி, கல்லின் ஓரத்தில் கால் வைத்தார்.

தொபுக்கடீர்!

மீன்கள் நாலா பக்கமும் தெறித்தன.

“நடமாடிடுச்சு!” என்று கத்தினாள் அவள்.

எழுதத்தான் படிவம் இல்லை. அது அவருக்கு அடியில் சிக்கிக் கூழாகியிருந்தது.

“பாசி வழுக்கிடுச்சு சார்,” என்று கான்ட்ராக்டரிடம் பரிதாபமாகச் சொன்னார் அலுவலர். “புதுப் படிவம் தலைமை அலுவலகத்துலேர்ந்து வரணும். ஆறு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

கான்ட்ராக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பொக்லைனைத் திருப்பச் சொன்னார்.

அவள் அலுவலரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். பிறகு அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தாள். பாசியாவது! இந்த மீன்களுக்கு மூன்று வேளையும் அதுதானே சாப்பாடு. மேய்ந்து மேய்ந்து, கல் பேருக்குக்கூட வழுவழுப்பில்லாமல் சொரசொரவென்று இருந்தது.

கரையேறியபோது பார்த்தாள். அலுவலருடைய கைபேசியும் கைக்கடிகாரமும், நனையாத இடமாகப் பார்த்து, கைக்குட்டையில் பத்திரமாக முடிந்து வைக்கப்பட்டிருந்தன.