விற்றுத் தீர்ந்த பத்திரிகை

"பெண்களைக் குருவாக்கணும்னு எழுதுறான் ஃபாதர். லத்தீன் பூசையைக் கிண்டல் பண்றான். இந்தப் 'புதிய சாளரம்' பத்திரிகை நம்ம கோயில் வாசல்ல கிடக்கலாமா?"

மிசௌரியின் அந்தச் சிற்றூரில் ஆல்வின் ஷ்ரோடருக்குக் கோபம் வந்தால் பங்குக் குருவே ஒதுங்கிப் போவார். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் குரு சிரித்தார்.

"கிடந்தாத்தானே ஆல்வின்? வாராவாரம் முதல் பூசைக்கு முன்னாடியே அத்தனையும் தீந்துடுது. காசும் பெட்டியில சரியா விழுது. உங்களுக்குப் பிடிச்ச 'பழைய பீடம்' பத்திரிகைதான் சீந்த ஆளில்லாம கிடக்கு. அதை நிறுத்திட்டு, சாளரத்தை ரெண்டு மடங்கா வரவழைக்கப் போறேன்."

ஆல்வின் வீடு திரும்பினார். விஷயத்தைக் கேட்டதும் மனைவி லோரெட்டா பொரிந்து தள்ளினாள்.

"காசு போடாம அள்ளிட்டு வாங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

"காசு போடாம எடுத்தா அது திருட்டு. என்னைப் பாவம் பண்ணச் சொல்றியா?" என்றபடி ஆல்வின், இந்த வாரத்துப் 'புதிய சாளரம்' பிரதிகள் முழுவதையும் கட்டோடு அடுப்பில் திணித்தார்.

லோரெட்டா அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த வாரம் ரெண்டு மடங்குன்னா, இது கொள்ளாதே."