ஆளுயரப் போர்டு

குழந்தைகள் இல்லத்தின் வாசலில் இரண்டு இரும்புக் கம்பங்கள் மட்டும் நின்றன. நடுவில் இருக்க வேண்டிய போர்டைக் காணோம்.

சேவைச் சங்கத்தின் தலைவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாளைக்கு மாவட்டத்திலிருந்து பெரியவர் வருகிறார். இந்த வருடத்தின் சிறந்த சங்கம் என்ற கேடயம் யாருக்கு என்பதை நேரில் பார்த்து முடிவு செய்யப்போகிறவர் அவர். போர்டே இல்லையென்றால் செய்த சேவைக்கு என்ன அத்தாட்சி?

செய்த சேவை பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு சோப்பும்தான். பிஸ்கட் அன்றைக்கே தீர்ந்தது. சோப்பும் கரைந்துபோனது. போர்டு அப்படியில்லை. இரும்புச் சட்டத்தில் கெட்டித் தகடு அடித்து, மழைக்கும் வெயிலுக்கும் அசையாத மாதிரி செய்தது. அதில் முக்கால்வாசி இடம் தலைவரின் சிரித்த முகம். மிச்சத்தில் ‘குழந்தைகளே எங்கள் மூச்சு’.

“எவனாவது பழைய இரும்புக்குப் போட்டிருப்பான் அத்தான்,” என்றார் செயலாளர். செயலாளர் வேறு யாருமில்லை, தலைவரின் மனைவியுடைய தம்பி.

“எவனும் இல்லடா. அந்தம்மா வேலைதான். நன்றி கெட்ட ஜென்மம்.”

அந்தம்மா என்றது இல்லத்தின் காப்பாளரை. போர்டு செய்யும்போது எவ்வளவு ஆசையாக ஓடிவந்தவர். அகலம் வேண்டாம் சார், உயரமாக இருந்தால்தான் உங்கள் கம்பீரம் தெரியும் என்று சொல்லி, கையில் டேப்போடு வந்து அளவையும் அவரே சொன்னார். தகடு மெல்லிசாக இருக்கக் கூடாது என்று கண்டிப்பு வேறு. மரியாதை தெரிந்த பொம்பளை என்று தலைவர் அன்றைக்கு வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

உள்ளே போனபோது காப்பாளர் ஒரு பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். போர்டு எங்கே என்று தலைவர் கத்தியதற்குப் பின்னலை விடாமலே பதில் சொன்னார்.

“பத்திரமா உள்ளே வச்சிருக்கோம் சார். வாங்க, காட்டுறேன்.”

பத்திரமாக என்றதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. கூடத்தில் மாட்டியிருப்பார்கள் போல. தலைவர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

கூடம் தாண்டியது. சமையலறையும் தாண்டியது. கொல்லைப்புறம் வந்துவிட்டது. அங்கே பெண் பிள்ளைகளின் கழிப்பறை வாசலில் தலைவர் தன் முகத்தைத் தானே பார்த்தார். கீல் வைத்து, கச்சிதமாகக் கதவாகப் பொருத்தியிருந்தார்கள். சிரித்த வாய்க்குப் பக்கத்தில் கைப்பிடி.

“உங்க மரியாதைக்குக் குறைச்சல் வரக் கூடாதுன்னு முகத்தை வெளிப்பக்கம் வச்சோம் சார். உள்பக்கம் இருந்தா பிள்ளைங்க கூச்சப்படுதுங்க.”

மைத்துனருக்குத் திடீரென்று இருமல் வந்தது. பக்கத்துக் குளியலறைக் கதவில் போன வருடத் தலைவர் கைகூப்பி நின்றிருந்தார். அவருடைய போர்டு காணாமல் போனபோது மனசுக்குள் மகிழ்ந்த முதல் ஆள் நம் தலைவர்தான்.

“கழட்டுடா அதை.”

மைத்துனர் வண்டியிலிருந்து ஸ்குரூடிரைவரைக் கொண்டுவந்து கீலில் வைத்தார். உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

“ஆள் இருக்கு.”

வேறு வழியில்லாமல் தலைவர் தன் முகத்துக்கு முன்னாலேயே காத்து நின்றார். காப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பழைய கதவு உளுத்து விழுந்து ரொம்ப நாளாச்சு சார். ஒருத்தி உள்ளே போனா இன்னொருத்தி போர்வையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். போக வேண்டி வந்துடுமேன்னு பெரிய பிள்ளைங்க பகல் முழுக்கத் தண்ணியே குடிக்காதுங்க. உங்க சங்கத்துல நான் முதல்ல கேட்டது கதவுதான்.”

கேட்டது தலைவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. கக்கூஸ் கதவில் என் பேரா, நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா என்று கூட்டத்தில் தட்டிக்கழித்தவர் அவரேதான். எல்லோரும் தலையாட்டினார்கள். பிஸ்கட் என்று முடிவானது.

கதவு திறந்தது. வெளியே வந்த சிறுமி தலைவரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுபடி தலைவரைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, எல்லாரும் வாங்க. கதவு மாமா வந்திருக்காரு.”

பிள்ளைகள் திபுதிபுவென்று வந்து சூழ்ந்துகொண்டார்கள். பாதிப் பின்னலோடு வந்த பெரிய பெண்ணின் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. “ரொம்ப தேங்க்ஸ் மாமா,” என்றாள்.

பிஸ்கட் வாங்கியபோதும் இதே பிள்ளைகள் நன்றி சொன்னார்கள். அது ஒத்திகை பார்த்து, வரிசையில் நின்று, கேமராவைப் பார்த்துச் சொன்னது. இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“கழட்டட்டுமா அத்தான்?”

“ஸ்குரூடிரைவரை உள்ளே வைடா.”

“நாளைக்கு வர்றவர் போர்டு எங்கேன்னு கேட்டா?”

“போர்டு என்னடா பெரிய போர்டு. கதவு குடுத்தோம்னு சொல்லு.” இரண்டடி நடந்த தலைவர் திரும்பினார். “யோசனை என்னோடதுன்னும் சேர்த்துச் சொல்லு.”

வாசல் வரை வழியனுப்ப வந்த காப்பாளரின் கையில் டேப் இருந்தது.

“அடுத்த போர்டுல நீங்களும் செயலாளர் சாரும் ஜோடியா நில்லுங்க சார். சமையலறைக்கு ரெட்டைக் கதவு வேணும்.”