கொசுக்கூண்டுக்குள் ஒரு கை

தெருமுனை அறையில் கொசுக்கூண்டின் பசி மணி அலறியது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பாத இந்தக் கொசுக்களை ஆராய்ச்சிக்காகத் தெருவே சேர்ந்து வளர்க்கிறது. இன்று யாராவது ரத்தம் கொடுக்காவிட்டால் முட்டை கிடைக்காது. இவை வெளியே போய் ஊர்க்கொசுக்களோடு இணைந்தால் பிறப்பவையும் டெங்குவைப் பரப்பாது; மழைக்கு முன் இவை பெருகாவிட்டால் டெங்கு திரும்பிவிடும். பொறுப்பாளர் முத்துச்செல்விக்கோ சளிக்காய்ச்சல். அவள் கூண்டுக்குள் கை விடக் கூடாது.

அப்போது கொசு மட்டையோடு சேவியர் நுழைந்தார். கூண்டை மூடச் சொல்லி ஊரைக் கூட்டியவர்.

"அண்ணாச்சி, அடிச்சிராதீய!" முத்துச்செல்வி கூண்டை மறைத்தாள்.

"தள்ளும்மா."

மட்டையை மூலையில் சாய்த்தார். சட்டைக் கையைச் சுருட்டிக் கூண்டுக்குள் கையை விட்டார். கொசுக்கள் மொய்த்தன. முகம் சுளித்தாரே தவிர, கையை எடுக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, திடீர்னு?"

"தலைப்பிரசவத்துக்கு நாளைக்கு எம்மவ வாரா. இதுக நல்லா குடிக்கட்டும்."